மூழ்காத கண்ணாயிரம்

“கட்டை விரல் வெளிய இருக்குது! இது செல்லாது!”

எதிர் வரப்பில் நின்று கத்தியவர் பாஸ்டர் செல்லப்பன். கையில் செல்போன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் அவருடைய சபையார் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பளத்தில் தொடையளவு தண்ணீரில் நின்ற பாஸ்டர் ராஜவேல், காதில் விழாதது போல் திரும்பிக்கொண்டார். அவர் கைகளில் மல்லாந்து கிடந்தார் கண்ணாயிரம். கனமான உடம்பு. ஞானஸ்நானம் வேண்டும் என்று ஒரு மாதமாக ராஜவேலின் சபைக்கு வந்துகொண்டிருந்தவர். கடல் என்றால் பயம், உப்பளத்திலேயே முழுக்கிவிடுங்கள் என்று கேட்டதும் அவர்தான்.

ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் முழுகினால்தான் ஞானஸ்நானம். ஆனால் இது வெயிலில் காய்ந்து காய்ந்து கெட்டிப்பட்ட உப்புத் தண்ணீர், ஆளை மிதக்கவிட்டது. தலையை அமுக்கினால் கால் மேலே வந்தது. காலை அமுக்கினால் தலை வந்தது.

“அந்த ஆளை யாரு இங்க கூப்பிட்டது?” ராஜவேல் பல்லைக் கடித்தார்.

“நாந்தாங்க ஐயா,” என்றார் மிதந்துகொண்டிருந்த கண்ணாயிரம். “நல்ல காரியமாச்சே, நாலு பேரு பார்க்கட்டும்னு அந்தச் சபையையும் வரச் சொன்னேன்.”

மரக்காணத்தில் இரண்டு பாஸ்டர்களுக்கும் ஒரே தெருவில் எதிரெதிரே சபை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே சபைதான். பாட்டுக்குக் கைதட்டலாமா கூடாதா என்று ஆரம்பித்த பேச்சில் சபையே இரண்டாகிவிட்டது. ராஜவேல் பக்கம் தட்டுவார்கள். செல்லப்பன் பக்கம் தட்டமாட்டார்கள். அப்புறம் ராஜவேல் ஸ்பீக்கரைச் செல்லப்பன் ஜன்னலுக்கு நேராகத் திருப்பினார். செல்லப்பன் ராஜவேலின் ஆட்களைத் தன் பக்கம் இழுத்தார். வழியில் பார்த்தால் ஒரு ‘ஸ்தோத்திரம்’கூடக் கிடையாது.

ராஜவேல் மறுபடியும் ஜெபித்தார். மறுபடியும் அமுக்கினார்.

“முழங்கால்! முழங்கால் முழுசா வெளிய!” எதிர் வரப்பே கத்தியது.

இந்தத் தரம் கண்ணாயிரத்தின் வாய்க்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது. இருமினார். கண் இரண்டும் சிவந்து, தண்ணீராகக் கொட்டியது.

“ஐயா, தண்ணியே என்னை வேணாங்குது. அவ்வளவு பெரிய பாவியா நானு?”

கரையில் ராஜவேலின் சபையார் பாட்டை நிறுத்திவிட்டார்கள். கண்ணாயிரத்தை இப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பினால், இனி எந்தச் சபை வாசலையும் மிதிக்கமாட்டார்.

ராஜவேல் எதிர் வரப்பைப் பார்த்தார். நாலு வருஷமாக வாயில் வராத பெயர், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

“செல்லப்பன்... காலைக் கொஞ்சம் புடிங்களேன்.”

செல்லப்பன் தன் சபையாரைப் பார்த்தார். கண்ணாயிரத்தின் கண்ணீரைப் பார்த்தார். செல்போனைப் பேண்ட் பையில் திணித்துக்கொண்டு அப்படியே தண்ணீரில் இறங்கினார்.

“போன், ஐயா, போன்!” என்று யாரோ அலறினார்கள். வீடியோவோடு அது முழுகியே போயிற்று.

“நான் காலைப் புடிச்சுக்கிறேன். நீங்க ஜெபம் சொல்லுங்க.”

“இல்ல, நீங்களும் சொல்லுங்க. சேர்ந்தே சொல்லுவோம்.”

இரண்டு குரலும் ஒன்றாக எழுந்தது. தலையை ராஜவேலும் காலைச் செல்லப்பனும் அமுக்க, கண்ணாயிரம் விரல்நுனிகூடத் தெரியாமல் உள்ளே போனார். அதே வேகத்தில் இரண்டு பாஸ்டர்களும் சறுக்கி அவர் மேலேயே விழுந்தார்கள். உப்பும் சேறுமாக எழுந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்லப்பன்தான் முதலில் சிரித்தார். கைதட்டாத சபை கைதட்டியது.

“அன்னிக்கு உங்க ஆளுங்களை இழுத்தது என் தப்பு, ராஜவேல்.”

“அட, ஸ்பீக்கரைத் திருப்பினவன் நாந்தானே? கண்ணாயிரம் இனிமே உங்க சபைக்கே வரட்டும்.”

“சேச்சே, உங்க ஆத்துமா அவரு. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“நீங்க கால் புடிக்கலைன்னா ஏது ஞானஸ்நானம்? நீங்களே வச்சுக்கோங்க.”

“ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க ஐயா. நான் துணி மாத்திட்டு வர்றேன்,” என்று கண்ணாயிரம் கரையேறினார். விட்டுக்கொடுக்கிற சண்டையில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஈ.சி.ஆர். சாலை ஓரம் ஆட்டோவில் துண்டோடு காத்திருந்தாள் அவர் மனைவி சாலம்மாள்.

“ஊர் ஊரா இப்படி முங்கி எழுந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? ரிடையரான பாஸ்டரு நீங்க, வீட்டுல சும்மா இருக்கக் கூடாதா?”

“ரெண்டு பேரும் பேசிட்டாங்க இல்ல, அது போதும்.” கண்ணாயிரம் தலையைத் துவட்டியபடி ஏறி உட்கார்ந்தார். “அடுத்தது அனுமந்தை. அங்க மூணு பாஸ்டருங்களுக்குள்ள சண்டையாம். காலு மட்டும் பத்தாது, ஒரு கையையும் வெளிய தூக்கிக்கப் பழகணும்.”