வெள்ளை நூல்

“உங்க ஆளுங்க இந்த நாட்டுக்கு வந்து நாப்பது வருஷமாச்சு, இன்னும் கோழிதான் வெட்டுறீங்க. இவங்க ஆளுங்க நேத்து வந்து கடையே வச்சிட்டாங்க” என்று லாவோஸ்காரி பூன்மியிடம், பக்கத்தில் நின்ற ஆப்கன்காரி ஸர்குனாவைக் காட்டிச் சொன்னான் கோழிக்கறி ஆலையின் சூப்பர்வைசர். பூன்மி கையுறையை மேலே இழுத்துவிட்டாள். நேற்று தன் மகள் கல்யாணத்தில், லாவோஸ் வழக்கப்படி ஆசீர்வாதமாக மணிக்கட்டில் கட்டிய நூல் உள்ளே இருந்தது. மூன்று நாளைக்கு அதை அறுக்கக் கூடாது. கறி வெட்டுகிற கையில் நூல் இருந்தால் வேலை போய்விடும்.

“என்னத்த மறைக்கிற? கழட்டு.”

பூன்மி அசையவில்லை. ஸர்குனா தன் கையுறையைக் கழற்றி, கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கட்டிவிட்ட அதே வெள்ளை நூல்.

அவன் கத்தரிக்கோலை இருவருக்கும் நடுவில் வைத்தான். “முதல்ல அறுக்குறவ வேலையில இருக்கலாம்.”

நகரும் கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கிய கோழிகள் வெட்டுப்படாமலே அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.