திறந்து வைத்த கதவு

"வெட்கமா இல்லையா சார் உங்களுக்கு?"

தையல் ஆலையில் காலர் தைப்பதால் இப்படிக் கேட்டவளுக்குக் காலர் அக்கா என்றே பெயர். தொழிலாளர் அதிகாரி காதில் விழாதவர் மாதிரி நடந்தார். கையில் வெளிநாட்டுக்காரர்களின் பைகள். சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். அரசாங்கம் பை தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனது.



போன மாதம் இஸ்திரிப் பகுதியில் தீப்பிடித்தபோது அக்காவுடைய நாத்தனார் பின்கதவுக்குத்தான் ஓடினாள். பூட்டு. துணி திருட்டுப் போகிறதென்று மேனேஜர் வருஷக்கணக்காகப் போட்டுவைத்த பூட்டு. சூடேறிய இரும்புக் கதவைத் தட்டித் தட்டியே கை இரண்டும் வெந்து, இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

பூட்டை எடுக்க வையுங்கள் என்று இதே அதிகாரியிடம்தான் அக்கா போய் நின்றாள். அவரும் உத்தரவு போட்டார். மேனேஜர் மேலிடத்துக்கு ஒரு போன் போட்டார். தொந்தரவு கொடுத்தால் ஆலையைப் பக்கத்து நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்றார். அவ்வளவுதான், உத்தரவு வாலைச் சுருட்டிக்கொண்டது.

தன் கையில் ஒன்றுமில்லை என்றார் அதிகாரி.

"அப்ப எதுக்கு சார் இந்த நாற்காலி? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் துணி காயப்போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான் அக்கா.

இன்றைக்கு விருந்தாளிகளுக்காகப் பூட்டைக் கழற்றி, கதவை அகலத் திறந்து, பெயிண்டும் அடித்திருந்தார்கள். கார் கிளம்பினால் மறுபடி பூட்டு ஏறும். அது ஊரறிந்த கதை. கேட்டால் எப்போதும் திறந்தே இருக்கும் என்று சொல்ல வேண்டுமாம். மேனேஜர் காலையிலேயே பாடம் எடுத்திருந்தார்.

அதையே அவர் வெளிநாட்டு அம்மாளிடம் இளித்துக்கொண்டே ஒப்பித்துக்கொண்டிருந்தபோது தீ மணி அலறியது.

தையல்காரிகள் அத்தனை பேரும் முன்வாசலுக்குப் பாய்ந்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, முட்டி சிராய்ந்து, பின்னலைப் பிடித்து இழுத்து... திறந்து கிடந்த பின்கதவுப் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை. அது செத்த வழி என்று அவர்கள் கால்களுக்குப் பழகிப்போயிருந்தது.

தீயும் இல்லை, புகையும் இல்லை. யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

வெளிநாட்டு அம்மாள் ஆளில்லாத அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். கதவைக் கீலோடு கழற்றும்வரை ஒரு சட்டைகூட வாங்க மாட்டோம் என்றாள்.

மேனேஜரே ஸ்பேனர் தேடி ஓடினார்.

கழற்றிய கதவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதும், அக்கா நேரே அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"பாத்தீங்களா? உங்க உத்தரவு கிழிக்காததை, எவளோ ஒருத்தி விரலை வச்சு முடிச்சுட்டா. அவளுக்கு இருக்கிற ரோஷம் உங்களுக்கு இல்லையே சார்."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா. அழுத்தினது நான்னு தெரிஞ்சா கம்பெனிகூட மன்னிச்சிடும். நம்ம அரசாங்கம் மன்னிக்காது."