பத்துக்கு மூன்று

மதிய வெயில் அவசரப் பிரிவுக் கட்டில் வரை நீள்கிறது. பள்ளிச் சீருடையோடு படுத்திருக்கிறாள் பதினைந்து வயதுப் பெண். குடித்து வாந்தியெடுத்ததில் நாசமான அவள் ஷூவை அம்மா ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். குளுக்கோஸ் பாட்டிலில் இரண்டு விரற்கடைதான் மிச்சம். அது தீர்ந்தால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். கட்டிலருகே பேனாவோடு அமர்ந்திருக்கும் போதை ஒழிப்பு ஆலோசகருக்கும் அதுவரைதான் நேரம். "குடிய விடணும்னு பத்துக்கு எத்தனை தோணுதும்மா?" என்று பெண்ணிடம் கேட்கிறார். "பத்துன்னு போட்டுக்குங்க சார்," என்று முந்துகிறாள் அம்மா. ஆலோசகரின் பேனா அசையவில்லை. "மூணு," என்கிறாள் பெண். அவர் திட்டவில்லை. "சரி, மூணு. ஏன் பூஜ்யம்னு சொல்லல?" குளுக்கோஸ் ஒரு சொட்டு விழுகிறது. இன்னொன்று. "தம்பிக்கு ஆறு வயசு. நேத்து நான் குடிக்கிறப்ப பாட்டில் மூடிய நீட்டி, எனக்கும் ஊத்துக்கான்னான்." துணி ஷூவின் மேல் அப்படியே நிற்கிறது. "ஊத்தினியாடி?" பெண் கண்களை மூடிக்கொள்கிறாள்.