கடைசி ஒரு சாண்

"கண்ணாடிப் பெட்டிச் சாவி உன் அறை ஆணியிலதானே தொங்குது? அப்புறம் வேற யாரும்மா எடுத்திருப்பாங்க?" என்றார் வில்வித்தைக் கழகத்தின் தலைவர்.

"அது கதவில்லாத அறை சார். யார் வேணாலும் எடுக்கலாம்" என்றாள் அங்கே பயிற்சி தருபவள்.

இருவருக்கும் நடுவே மேசைமீது கிடந்தது கழகத்தை நிறுவியவரின் வில். கொம்பையும் மரத்தையும் நரம்பையும் ஒட்டிச் செய்தது. அவர் மறைந்த நாள்முதல் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருந்தது. அதில் எவரும் நாண் ஏற்றக் கூடாது என்பது கழகத்தின் விதி. இன்றோ, அதன் கைப்பிடிக்கு மேலே நகக்கீறல் போல ஒரு விரிசல். யாரோ இழுத்திருக்கிறார்கள்.

பொருள் உடைந்தால் பழி சுமக்க ஒரு தோள் வேண்டும். அது சம்பளம் வாங்குகிறவரின் தோளாகவே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத இன்னொரு விதி. கழகத்தில் சம்பளம் வாங்குபவள் அவள் ஒருத்தியே. போராடிப் பெற்ற வேலை. அவள் போனால், மாலையில் அவளை நம்பி வரும் பெண்பிள்ளைகளின் பயிற்சியும் போகும்.

"போன கூட்டத்துல, 'ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா'ன்னு கேட்டது யாரு? நீதானே?"

"கேட்டேன். நீங்க கூடாதுன்னீங்க."

"தலைவர்னு பேரு, நானே அதுமேல கை வெச்சதில்லை. உனக்கென்ன அவ்வளவு அவசரம்? மாப்ளே, எழுதிக்கோ. நாளையிலிருந்து இந்தம்மா வர வேண்டாம்."

தலைவரின் மைத்துனரும் கழகத்தின் செயலாளருமானவர் பேனாவைத் திறந்தார். "'வர வேண்டாம்'னு போடறதா மாமா, 'நீக்கம்'னு போடறதா?"

"ஏதோ ஒண்ணு போடு. ரெண்டுக்கும் வீட்டுக்குத்தான் போகணும்."

அவள் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி சார். இழுத்தேன்."

தலைவரின் முகத்தில் கோபம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது வியப்பு. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நிஜமாவா? முழுசாவா?"

"முழுசா. காது வரைக்கும்."

"எப்படிம்மா இருந்துச்சு?"

"மாமா, இதையும் எழுதணுமா?"

"நீ சும்மா இருடா. சொல்லும்மா."

"நெஞ்சு திறந்துக்குது சார். முதுகுல ரெண்டு பக்கத்து எலும்பும் கதவு சாத்தற மாதிரி ஒண்ணையொண்ணு தேடிப் போகுது. நாண் உதட்டோரத்துல வந்து உக்காருது. வில்லு வளைஞ்ச மாதிரியே இல்லை, நாமதான் வளைஞ்சு நிக்கிறோம்னு தோணுது."

"ம்..." தலைவரின் கண்கள் பாதி மூடியிருந்தன. அவருடைய இடக்கை மேசையைவிட்டுத் தானாக எழுந்து நீண்டது. "அப்புறம்?"

"ஆரம்பத்துல பூ மாதிரி வருது. கடைசி ஒரு சாண்லதான் கல்லாகிடுது, சுவத்துல முட்டின மாதிரி. அப்போ வில்லோட கீழ்ப்பாதியில ஒரு முனகல் கேக்குது."

தலைவரால் பொறுக்க முடியவில்லை.

"தப்பு. எல்லாத்தையும் தலைகீழாச் சொல்ற. ஆரம்பத்துலதான் அது முரண்டு பிடிக்கும். கடைசி ஒரு சாண் அப்படியே வழுக்கிட்டு வரும், நாம போதும்னாலும் அது விடாது. முனகலும் கீழே இல்லை. மேல, காதுக்குப் பக்கத்துல, புறா குமுறுற மாதிரி."

செயலாளரின் பேனா தாளைவிட்டு மெல்ல விலகியது. அவர் தம் மாமாவையே பார்த்தார்.

"அப்படியா சார்?" என்றாள் அவள். "எனக்கெப்படித் தெரியும்? நான் அந்த வில்லைத் தொட்டதே இல்லை."