ஷிப்ட் பஸ் போனதும்

"எந்திரும்மா. இது இன்னா ஆஸ்பத்திரி வாசலா, சந்தையா? தூக்கு, தூக்கு."

செக்யூரிட்டி பெரியவர் சின்னப்பையன் தடியால் தரையைத் தட்டினார். இட்லி குண்டானோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்த செல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டியா?"

"பேசினு நிக்காத. பெட்ரோல் பங்க் சந்துக்குள்ள போ. பூக்காரம்மா, உனக்கும் சேத்துதான் சொல்றேன்."

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த கனகம் முணுமுணுத்தபடியே கூடையைத் தூக்கினாள்.

வேறு யாராவது விரட்டியிருந்தால் செல்லம்மாளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன வருஷம் வரைக்கும் இதே இடத்தில், ஆஸ்பத்திரியை ஒட்டி, ஒரு கடை வரிசை இருந்தது. செல்லம்மாளின் மெஸ், பக்கத்திலேயே சின்னப்பையனின் பஞ்சர் கடை, அப்புறம் ஒரு சலூன், ஒரு தையல் கடை. சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் நடந்தே வந்து சாப்பிட்டுவிட்டு, நடந்தே போய் பஸ் ஏறுவார்கள்.

புது பிளாக் கட்ட ஆஸ்பத்திரி அந்த மனையை வாங்கியது. வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாரும் காலி செய்தார்கள். சலூன்காரர் ஒரகடம் பக்கம் போய்விட்டார். தையல்காரர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை. சின்னப்பையன் மட்டும் அதே ஆஸ்பத்திரி கேட்டில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நம்ம கடைய இடிச்சவன்கிட்டயே போய் கை கட்டி நிக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று ஒருநாள் கேட்டவள்தான். அத்தோடு பேச்சை விட்டுவிட்டாள். பிறகு ஒரு தடவை அவராக எதையோ சொல்ல வந்தார். "உன்கிட்ட எனக்கு இன்னா பேச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் ஒரு விஷயம் அவளுக்குப் புரியவில்லை. விடிந்ததிலிருந்து கம்பெனி ஷிப்ட் பஸ்கள் போகும்வரை அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டார். கடைசி பஸ் போனதும் தடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கொஞ்ச நேரம் சந்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், கண்டுகொள்ளவே மாட்டார்.

"தினம் ஒருவாட்டி நம்மள விரட்டினாத்தான் அந்தாளுக்கு சோறு எறங்கும் போல" என்பாள் கனகம்.

அன்றைக்கு, அவசரமாகத் தூக்கியதில் சாம்பார் வாளி சாய்ந்துவிட்டது. நடைபாதை முழுக்க சாம்பார். சின்னப்பையன் குனிந்து வாளியை நிமிர்த்தப் போனார்.

"தொடாத. கைய எடு."

அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளேயிருந்து மேனேஜர் சிவசங்கரே வந்துவிட்டார்.

"என்னம்மா பிரச்சனை?"

"நீங்களே நியாயத்த சொல்லுங்க சார். ஒக்காரக் கூடாதுன்னா ஒரேயடியா சொல்லிடணும். இவரு, ஷிப்ட் பஸ் போனதும் தொரத்துறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து ஒக்காந்தா பேசாம கீறாரு. தினமும் இதே கூத்து. எங்கள அலையவுடறதுல இவருக்கு இன்னா சார் சந்தோஷம்?"

மேனேஜர் சின்னப்பையனைத் திரும்பிப் பார்த்தார்.

"தினமுமா?"

"தினமும்தான் சார். வேணும்னா இந்தக் கனகத்த கேளுங்க."

சின்னப்பையன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினார்.

"நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர், ரொம்ப மரியாதையாக.

சாம்பார் போனது போனாலும் செல்லம்மாளுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் போதாதா?

மறுநாள் கேட்டில் புது ஆள். சின்ன வயசு. ஜெபகுமார் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. ஷிப்ட் பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன. அவன் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா கனகம்? பெரியவங்க காதுல போட்டா எப்டி வேல நடக்குதுன்னு."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு குட்டி யானை வண்டி வந்து உரசினாற்போல நின்றது. நாலைந்து பேர் குதித்தார்கள். இட்லி குண்டான், வாளி, தட்டு, கனகத்தின் பூக்கூடை எல்லாம் வண்டிக்குள் பறந்தன. குண்டானின் காதைப் பிடித்துக்கொண்டு செல்லம்மாள் கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு பிடி நழுவிவிட்டது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள் ஜெபகுமாரிடம் கேட்டாள். "யாரு வண்டி தம்பி அது?"

"ஆஸ்பத்திரி வண்டிதாம்மா. பெரிய டாக்டர் வர்றதுக்குள்ள வாசல்ல யாரும் இருக்கக் கூடாதாம். டெய்லி இந்நேரத்துக்கு வருமாம்."

"டெய்லியா? நாங்க ஒருநாளும் பாத்ததில்லியே."

"எப்டிப் பாப்பீங்க? முன்னாடி இருந்த பெரியவரு, வண்டி வர்றதுக்குள்ள எல்லாரையும் சந்துக்குள்ள வெரட்டி வுட்ருவாராம். மேல கேமரா கீது பாருங்க, நின்னு பேசினா மாட்டிக்குவாரு. அதான் திட்டுற மாதிரி திட்டி அனுப்புவாராம். உள்ள கீறவங்க சொன்னாங்க."

செல்லம்மாள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள்.

"நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி."

"யாரையும் உஷார் பண்ணக் கூடாதுன்னு சொல்லித்தாம்மா என்னைய இங்க நிக்க வச்சாங்க."

"சின்னப்பையன் அண்ணன் இப்ப எங்க கீறாரு?"

"தெரியலம்மா. நேத்தே சட்டைய கழட்டி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. வண்டி ஏன் எப்பவும் காலியாவே திரும்புதுன்னு அதுவரைக்கும் ஆபீஸ்ல யாருக்குமே புரியலியாம்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யாரோ ஒரு அம்மா மேனேஜர்கிட்ட வந்து சொல்லித்தான் தெரிஞ்சுதாம்."