சுவரில் ஒரு குமிழி

உயிரியல் ஆய்வகத்தின் ஜன்னல் வெயில், சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய தாளின் மேல் விழுகிறது. 'உயிரியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம்' என்று அதற்குத் தலைப்பு. மருத்துவர், விதை ஆராய்ச்சியாளர், ரத்தப் பரிசோதகர் என்று இருபது கட்டங்கள். நடுவில் வெங்காயத்தோல் செல் என்று ஒரு புகைப்படம். வகுப்பே 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடும் மாணவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்க்கிறாள். கையில், எந்த வேலைக்குப் போக ஆசை என்று எழுதி இன்று கொடுத்தாக வேண்டிய விருப்பப் படிவம். அதில் அம்மா பென்சிலால் எழுதிய 'டாக்டர்'. "டீச்சர், நடுவுல வட்டமா, கறுப்பு விளிம்போட இருக்கே, அது செல்லே இல்ல. காத்துக் குமிழி." ஆசிரியை சிரிக்கிறார். "மூணு வருஷமா அதைக் காட்டித்தான் பாடம் நடத்துறேன்மா." அவள் ஒரு வெங்காயத்தோலை உரிக்கிறாள். கண்ணாடித் துண்டில் நீர்ச்சொட்டு, அதன்மேல் தோல். மேலே மூடும் மெல்லிய கண்ணாடிச் சில்லை மெல்லச் சாய்க்காமல் வேண்டுமென்றே பொத்தென்று போட்டுக் காற்றைச் சிறைபிடிக்கிறாள். நுண்ணோக்கியின் கண்ணாடி வெயிலை வாங்கிக்கொள்கிறது. குனிந்த ஆசிரியை நிமிர்வதாகக் காணோம். "அச்சு அசல் அதேதான்டி!" அவருடைய காது சிவந்திருக்கிறது. "அச்சடிக்கிற இடத்துல இதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள்கூடவா இல்ல?" அவள் பென்சில் எழுத்தை அழிக்கிறாள், தூளை ஊதுகிறாள், பேனாவைத் திறக்கிறாள். இருபது கட்டங்களிலும் இல்லாத ஒரு வேலையை நிதானமாக எழுதுகிறாள்: 'அறிவியல் புத்தகங்களில் படம் சரிபார்ப்பவர்.' படிவத்தை நீட்டுகிறாள். "இனிமே இருப்பாங்க, டீச்சர்."