கோணல் குச்சி

கொய்யாக் கிளையில் காவடிப்புழு ஒன்று இலை தின்றுகொண்டிருந்தது. காக்கைகள் இரண்டு வந்து உட்கார்ந்ததும், வழக்கம்போலப் பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, உடம்பை விறைப்பாக நீட்டிக் குச்சியாகிவிட்டது. இந்த வித்தையில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் காக்கைகள் புழு தேடி வரவில்லை. கூடு கட்டக் குச்சி தேடி வந்த புருஷனும் பெண்டாட்டியும் அவை.

“இது நல்ல குச்சி” என்று ஆண் காக்கை அலகை நீட்டியது.

புழுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அசைந்தால் புழு, அசையாவிட்டால் குச்சி. எதுவானாலும் அலகுதான்.

பெண் காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. “இதையா? கோணலும் மாணலுமா இருக்கு. உங்க கண்ணுக்குன்னு எங்கிருந்துதான் அகப்படுமோ. வாங்க.”

இரண்டும் பறந்து போயின.

பக்கத்து இலையிலிருந்த நத்தை மெல்லத் தலையை வெளியே நீட்டியது. “தப்பிச்சே போ.”

புழு இன்னும் விறைப்பாகவே நின்றது. “நான் கோணலாவா இருக்கேன்?”

“உசிர் இருக்குல்ல, அப்புறம் என்ன?”

புழு வளைந்து, நிமிர்ந்து, தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

“அவருக்குப் பிடிச்சிருந்துதே” என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக அடுத்த இலைக்குப் போயிற்று.